ஒத்திகை இல்லாத வாய்க்கால் சண்டை

1. மனு

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார்களுக்குப் பதினைந்து நாள் நாடகப் பயிற்சி என்று உத்தரவு வந்தது. பதினான்கு பேர் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தோம். சொல்லிக்கொடுக்க வந்தவர் தனபாக்கியம் என்ற ஸ்பெஷல் நாடக நடிகை. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். டிரெயினிங் சர்டிபிகேட் வாங்கிய நாங்கள் ஸ்திரீபார்ட் போடுகிறவளிடம் கைகட்டி உட்காருவதா என்று எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் நாளே அவரை நீக்கக் கோரி இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதினோம். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எழுதியவன் நான். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் பதில் சொல்லி அனுப்பினார். பயிற்சி முடியும் நாளில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நாடகத்தைப் பார்ப்பாராம். பிடித்தால் அந்த அம்மாள் தொடரலாம். இல்லையென்றால் இந்தப் பதினைந்து நாளோடு சரி. தனபாக்கியம் அதை எங்களிடம் மறைக்கவில்லை. ஊர் ஊராக நாடகத்துக்குப் போவதால் மகளை எந்தப் பள்ளியிலும் நிலையாகச் சேர்க்க முடியவில்லை, இந்த வேலை நிலைத்தால் அவளும் படிப்பாள் என்று சாதாரணமாகச் சொன்னார். எங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு அந்த நாடகப் பொறுப்பைத் தனபாக்கியம் யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? எனக்கு. திருவரங்குளம் பக்கத்தில் இருந்த என் பள்ளிக்கூடத்துக்கு.

2. வசனம்

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து. மேடையில்தான் முதல் சந்திப்பு. கதை தெரியும், வழக்கு தெரியும். இருவரும் எதிரெதிரே வாதாடும் தர்க்கம் அங்கேயே பிறக்கும். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் தனபாக்கியத்தின் பாடம். கதையைச் சொல், யாருக்கு என்ன வேண்டும் என்று சொல், வசனத்தைக் கொடுக்காதே.

கதை கண்மாய்த் தண்ணீர் சண்டை. மேலக்காட்டாருக்கும் கீழக்காட்டாருக்கும் வழக்கு, நடுவில் அரண்மனைக் காரியஸ்தர். எனக்கு நம்பிக்கை இல்லை. மனப்பாடம் இல்லாமல் நாடகமா? அவருக்குத் தெரியாமல் செந்தமிழில் வசனம் எழுதிப் பிள்ளைகளை உருப்போட வைத்தேன். அவரைக் கவிழ்க்க வேண்டும் என்று அல்ல. என் பள்ளிக்கூடம் பேர் வாங்க வேண்டும் என்றுதான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

பயிற்சி முடியும் நாள் வந்தது. அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. நான் திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்றேன். காரியஸ்தராக வந்த பையன், "செவிமடுப்பீர், நாட்டீரே" என்றான். அவ்வளவுதான். கூட்டத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டான், மீதி மறந்துபோயிற்று. வரிசையாக உருப்போட்டவர்கள் என்பதால், அவன் நின்றதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் உள்ளிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். ஊர்க்காரர்களுக்கே கேட்டது, பிள்ளைகளின் காதில் ஏறவில்லை. சிரிப்பு கிளம்பியது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் தனபாக்கியம் கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

அந்தக் கையைப் பார்த்ததும் நோட்டைக் கீழே போட்டேன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேலக்காட்டுக்காரனாக மேடை ஏறினேன். கீழக்காட்டுக்காரியாக நின்ற வள்ளிக்கண்ணு என்ற மாணவியிடம், "ஏத்தா, எங்க கடலை வாடுது. இன்னைக்குத் தண்ணிய எங்க பக்கம் திருப்புனா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்?" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சம்சாரி வீட்டுப் பெண், வயல் வேலை தெரிந்தவள்.

"கடலை நாலு நாளு தாங்கும்யா. எங்க நெல்லு கதிரு வாங்கி நிக்கிது. இன்னைக்கு விடாட்டி பூராம் பதருதான். நாலு நாளு கழிச்சு விட்டு என்ன, விடாட்டி என்ன?"

கூட்டம் அடங்கியது. மேலக்காட்டுப் பையன் ஒருவன் துள்ளி வந்து, போன தடவை எங்கள் முறையில் நீங்கள்தானே திருட்டுத்தனமாகத் திறந்துகொண்டீர்கள் என்று கேட்டான். அது அந்த ஊரில் நிஜமாகவே நடந்தது. பெரியவர்கள் நெளிந்தார்கள், பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். காரியஸ்தருக்கும் பேச்சு வந்துவிட்டது. நான் மெல்ல இறங்கிக்கொண்டேன், யாரும் கவனிக்கவில்லை.

3. கையெழுத்து

முடிந்ததும் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, வசனம் யார் எழுதியது என்று கேட்டார். மற்ற வாத்தியார்கள் என்னையே பார்த்தார்கள்.

"நான் எழுதுனதுதாங்க ஆரம்பத்துலயே நின்னு போச்சு. அப்பறம் நீங்க பாத்தது இந்த அம்மா சொல்லிக் குடுத்தது. மனுவுல மொதக் கையெழுத்து என்னோடதுங்க. அத நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அடுத்த பயிற்சிக்கும் தனபாக்கியமே வரவேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

நான் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலை குனிந்துதான் கேட்டேன்.

"தெரியும் வாத்தியாரய்யா. மனுவ அன்னைக்கே இன்ஸ்பெக்டரு எங்கிட்டக் காட்டிட்டாரு. அதப் பாத்துட்டுத்தான் நாடகத்த ஒங்ககிட்டக் குடுத்தேன். எனக்கு வேண்டியவுங்க செஞ்சு காட்டுனா யாரு நம்புவா?" என்றார்.

பிற்பாடு பல வருஷம் நானும் வாத்தியார்களுக்கு நாடகப் பயிற்சி கொடுத்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும் ஒருவர் இருப்பார். முதல் வேலையை அவரிடம்தான் கொடுப்பேன். தன் மகளின் படிப்பையே என்னை நம்பி என் கையில் வைத்தாரே அந்த அம்மாள், அந்த நன்றிக்கடனை வேறு எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.