கொழுந்தனார் கேட்ட மைக் செட்

மைக் செட்டுக்காரரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சத்தம் நிற்கிற நிமிஷத்தில்தான் ஊரே திரும்பிப் பார்க்கும்.

புருஷன் போட்டுவிட்டுப் படுத்த வேலையைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செய்து முடித்த சகோதரிகள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் சொல்லாமலே பாதி உங்களுக்குப் புரிந்துவிடும். எங்கள் செட்டை எழுபதுகளின் கடைசியில் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து வாங்கினார்கள். மேலே கொடைக்கானலில் என் வீட்டுக்காரர் ஓட்டினார். கீழே வத்தலக்குண்டில் கொழுந்தனாருக்குத் தனியாக இன்னொரு செட்டும் உண்டு. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தி, யூகலிப்டஸ் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டப்போன என் வீட்டுக்காரர், குழாயை விடாமல் பிடித்துக்கொண்டே கீழே வந்து சேர்ந்தார். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தொடையெலும்பு முறிந்தது.

மாவுக்கட்டு காய்வதற்குள் கொழுந்தனார் மலையேறி வந்துவிட்டார். "செட்டைக் கீழ கொண்டுபோயிடுறேன் மதினி. சும்மா கெடந்தா பூசணம் பிடிச்சிரும்" என்றார். கட்டிலில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் பேசாமல் திரும்பிப் படுத்து நான் பார்த்ததில்லை. செட்டுப் போனால் அவர் எழுந்து நடக்க ஒரு காரணமும் இருக்காது என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. "நான் ஓட்டுறேன்" என்றேன். கொழுந்தனார் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். மே மாத சீசன் முடிகிறவரை செட்டு என்னிடம் இருக்கலாம். அதற்குள் ஒரே ஒரு விசேஷம் பாட்டில்லாமல் பாதியில் நின்றாலும் செட்டு வத்தலக்குண்டுக்குப் போய்விடும்.

கம்பளி நூல்

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தை நான் அதற்குமுன் தூசி துடைக்கக்கூடத் தொட்டதில்லை. கட்டிலில் இருந்தபடி அவர் சொல்லச் சொல்ல நான் தரையில் உட்கார்ந்து மாட்டுவேன். "அந்த ஒயரு" என்பார். "எந்த ஒயரு?" என்பேன். "கறுப்பு." எல்லாமே கறுப்புதான்! ஒன்பது ஒயர், ஒன்பதும் கறுப்பு. பத்து வருஷமாகக் கைப்பழக்கத்திலேயே மாட்டியவருக்கு எதற்கு அடையாளம்? மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது பின்னல்வேலை ஒன்றுதான். மிச்சமிருந்த கம்பளி நூலையெல்லாம் எடுத்தேன். ரெக்கார்டு பிளேயருக்கு மஞ்சள், டேப் ரிக்கார்டருக்கு நீலம், மைக்குக்குப் பச்சை, குழாய்களுக்குச் சிவப்பு. ஒயரின் இரண்டு நுனியிலும், அது போய்ச் சேரவேண்டிய ஓட்டைக்குப் பக்கத்திலும் ஒரே நிறத்தில் முடிச்சுப் போட்டேன். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன்.

எப்படிப் போகிறது என்று பார்க்க வந்த கொழுந்தனார் செட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, அண்ணனிடம் சொன்னார்: "குளிருக்கு ஸ்வெட்டர் எல்லாம் போட்டு விட்டிருக்காங்க. தும்மாம இருந்தாச் சரி."

முதல் ஞாயிறு

எங்கள் பக்கத்துக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு முன் குழாயில் மூன்று பாட்டுப் போடுவது வழக்கம். சரிவில் குடியிருக்கிற சனங்களுக்கு அதுதான் கடிகாரம். முதல் பாட்டுக்கு எழுந்திருப்பார்கள், இரண்டாவதுக்குக் காப்பி குடிப்பார்கள், மூன்றாவது ஆரம்பித்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு ஏறுவார்கள். நான் வெள்ளனே போய், நூல் பார்த்து ஒயர்களை மாட்டி, பெரிய ரெக்கார்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தேன். பாட்டு வந்தது. என்னமோ உற்சாகமாகத்தான் இருந்தது. சின்ன ரெக்கார்டுக்கு உரிய அதிக வேகத்தில் பெரிய ரெக்கார்டைச் சுற்றவிட்டிருக்கிறேன் என்பது, தாய்மார்கள் தலையைப் பாதி சீவியபடி ஓடிவரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர் ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். இன்னொருவர் கையில் காப்பி டம்ளரோடு வந்து நின்றார். நிறுத்திச் சரிசெய்யலாம், ஆனால் நிறுத்தினால் செட்டுப் போச்சே! அதே வேகத்தில் மூன்று பாட்டையும் ஓட்டி முடித்தேன்.

பூசை ஆரம்பிக்கும்போது பெஞ்சில் இடமில்லை. முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். திட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றேன். சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நேரத்துக்கு வாங்கன்னு எத்தனை வருஷமா பிரசங்கத்துல சொல்றேன், ஒருத்தரும் கேட்டதில்லை. அடுத்த வாரமும் இதே வேகத்துலயே போடும்மா."

கிளாவரையில் காதுகுத்து

"குழாயை எவ்வளவு உயரத்துல கட்டுறியோ அவ்வளவுக்கு நல்லது." என் வீட்டுக்காரரின் வேதவாக்கு இது. விழுந்ததற்கப்புறமும் மாற்றிக்கொள்ளவில்லை. கிளாவரையில் ஒரு பூண்டு விவசாயி வீட்டுக் காதுகுத்துக்கு, மரம் ஏறுகிற சவரிமுத்துவையும் செட்டையும் ஜீப்பிலும், மிச்சத் தூரம் குதிரையிலுமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இருந்ததிலேயே உயரமான மரத்தில் இரண்டு குழாயையும் கட்டச் சொன்னேன். ஊமத்தம்பூ மாதிரி இரண்டும் பள்ளத்தாக்கைப் பார்த்து விரிந்து நின்றன. பாட்டைப் போட்டால் பந்தலில் இருப்பவர்களுக்குத் தேனீ முரலுகிற மாதிரிக் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினேன். தேனீ கொஞ்சம் கிட்டே வந்தது. இன்னும் கூட்டினேன். சமவெளியில் உயரக் கட்டினால் சத்தம் ஊர் முழுக்க விழும். சரிவில் உயரக் கட்டினால் வீட்டுக் கூரைக்கு மேலே பறந்துபோய் எதிர்மலையில் விழும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, எதிர்மலைதான் சொல்லிற்று.

ஒன்றரை மணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து ஒரு ஆள் வந்து நின்றார். விருந்தாளி என்று நினைத்து இலை போட்டுவிட்டார்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு, "ரெண்டாவதா ஒரு பாட்டுப் போட்டீகளே, அதை இன்னொருக்காப் போடச் சொல்லி எங்க ஊர்ல சொல்லிவிட்டாக" என்றார். எதிர்மலையில் களை பிடுங்கப் போனவர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து கேட்கிறார்களாம். பூண்டு விவசாயிக்கு முகம் சிவந்துவிட்டது. "காது குத்துறது எங்க பிள்ளைக்கு, பாட்டு அவுகளுக்கா? ஏலே, குழாயை வெரசா எறக்கித் திருப்புலே!" என்று சவரிமுத்துவை விரட்டினார். சவரிமுத்து பாதி மரம் ஏறியிருப்பான். வந்த ஆள் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "ரெண்டு குழாய் இருக்குல்ல தாயி, ஒண்ணு எங்க பக்கம் கெடக்கட்டுமே."

கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெங்காயம்

புதுப்பாட்டெல்லாம் ரெக்கார்டாகக் கிடைக்க நாளாகும். ரேடியோவில் போடும்போது டேப்பில் பிடித்துக்கொள்ள வேண்டும். ரேடியோவிலிருந்து ஒயர் கொடுத்துப் பிடிக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. சமையல்கட்டில் ரேடியோவை வைத்து, எதிரே மைக்கை வைத்து, பொத்தானை அமுக்கிவிட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். கேசட்டின் மேல் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த சாய்வெழுத்தில் அழகாகப் பாட்டு வரிசை எழுதி ஒட்டினேன். போட்டுக் கேட்டுப் பார்க்கத்தான் நேரமில்லை. உங்களுக்கு இருந்திருக்குமா?

பெரும்பாறையில் ஒரு நிச்சயதார்த்தம். காப்பித் தோட்டத்துச் சனம் அத்தனையும் வந்திருந்தது. மூன்றாவது பாட்டில், புல்லாங்குழல் குழைந்துகொண்டிருந்த இடத்தில், குக்கர் ஒரு விசில் அடித்தது. அதற்கப்புறம் இரண்டு குழாயிலும் என் குரல்: "படுத்தே கெடந்தாப் போதுமா? இந்த வெங்காயத்தையாவது உரிச்சுக் குடுங்க. காலுதானே ஒடிஞ்சிருக்கு, கையா ஒடிஞ்சிருக்கு?" பந்தலில் அத்தனை தலையும் குழாய்ப் பக்கம் திரும்பியது. பூமி பிளந்தால் செட்டோடு உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அப்போதும் கையை நிறுத்தும் பொத்தானில் வைக்கவில்லை. கொழுந்தனார் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. பாட்டு தன் பாட்டுக்கு ஓடியது. தாம்பூலம் மாற்ற எழுந்திருக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் நகரவில்லை. "இருங்கப்பா" என்று கையை உயர்த்தினார். "அந்த மனுசன் வெங்காயம் உரிச்சாரா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் எந்திரிப்பேன்."

நாற்பத்தைந்து நிமிஷம்

ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பார்ட்டிக்கு ஆட்டப் பாட்டுப் போடக் கூப்பிட்டார்கள். ஒரு ரெக்கார்டு முடிந்து அடுத்ததை வைப்பதற்குள் வரும் இடைவெளியில் பிள்ளைகள் அசடு வழிய நிற்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்தேன். ரெக்கார்டு பிளேயர் ஒரு பக்கம், டேப் ரிக்கார்டர் ஒரு பக்கம். இது முடியப்போகும்போதே அதை மெல்ல ஏற்றி, இதை மெல்ல இறக்கினேன். இரண்டு அடுப்பில் சமைக்கிறவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு துளி இடைவெளி இல்லாமல் ஓடியது. "ஆன்ட்டி, வெளிநாட்டுல இதைச் செய்யறவங்களுக்கு டி.ஜே.ன்னு பேரு" என்று ஒரு இளம் வாத்தியார் வந்து சொன்னார். புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்குமேல் மப்ளருமாக இருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வார்டன் அம்மா வந்தார். "கொஞ்சம் நிறுத்துங்க, ஜூஸ் குடுக்கணும்" என்றார். "நிறுத்த முடியாது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கொழுந்தனார் நிபந்தனையை ஒரு வரியில் சொன்னேன். அடுத்த ரெக்கார்டு. அதற்கடுத்த கேசட். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வார்டன் அம்மா என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்: "உங்க வீட்டுச் சண்டையை என் பிள்ளைங்க கால்ல தீர்த்துக்காதீங்க."

ஜூஸ் கொடுக்கிறவரை மெல்லிசாக ஒரு பாட்டு ஓடட்டும் என்று சமாதானத்துக்கு வந்தோம்.

ஹெட்மாஸ்டர் வீட்டுக் கல்யாணம்

சீசனின் கடைசி விசேஷம், ஒரு ஹெட்மாஸ்டரின் மகள் கல்யாண வரவேற்பு. மத்தியானம், டவுனில் ஒரு ஹால். கொழுந்தனாரையும் அழைத்திருந்தார்கள். தன் ஜீப்பில் வந்து இறங்கி, முதல் வரிசையில் உட்கார்ந்து, வாட்ச்சைத் திருப்பி வைத்துக்கொண்டார். எங்கள் செட்டு கரண்டிலும் ஓடும், கார் பேட்டரியிலும் ஓடும். கரண்ட் உள்ள ஹாலுக்கு அந்தக் கனத்தை எதற்குச் சுமப்பது என்று நான் பேட்டரியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆமாம், என் புத்திதான். மூன்று மணிக்கு ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்தது, கரண்ட் வெளியே போனது. பாட்டு செத்தது. கொழுந்தனார் எழுந்து நின்றார்.

அவர் வாயைத் திறக்குமுன் நான் மேடையேறிக் கையைத் தட்டி, தெரிந்த ஒரு கல்யாணப் பாட்டை எடுத்தேன். என் குரல் தகரம் தேய்க்கிற மாதிரி இருக்கும். அதைத் தாங்க முடியாமலோ என்னவோ, கோயில் பாடற்குழுப் பெண்கள் சட்டென்று சேர்ந்துகொண்டார்கள். பின்வரிசை ஆண்கள் நாற்காலியில் தாளம் போட்டார்கள். பாட்டை அவர்களிடம் விட்டுவிட்டு, சவரிமுத்துவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலில் நின்ற ஜீப்பின் மூடியைத் தூக்கினேன். "அக்கா, இது சின்னவரு வண்டி!" என்றான். "தெரியும். ஸ்பானரைக் குடு." உள்ளே அவர்கள் நான்காவது பாட்டை முடிக்குமுன் பேட்டரியை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, கட்டைப் பேட்டரி போட்ட டேப் ரிக்கார்டரைத் தட்டிவிட்டேன். குழாய் பாடியது. பாடற்குழு விடவில்லை, குழாயோடு சேர்ந்தே பாடியது.

கொழுந்தனார் நேராக ஹெட்மாஸ்டரிடம் போனார். "விசேஷம் நடுவுல நின்னுச்சா இல்லையா, நீங்களே சொல்லுங்க சார்." ஹெட்மாஸ்டர் பொய் சொல்லாத மனுஷர் என்று பேர் எடுத்தவர். அவர் திரும்பி ஹாலைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். "எங்கே நின்னுச்சு? காலையிலேர்ந்து முறைச்சுக்கிட்டு இருந்த சம்பந்தி இப்பத்தான் ஆடவே ஆரம்பிச்சிருக்காரு" என்றார்.

கொழுந்தனார் கோபமாக வெளியே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். ஜீப் கிளம்பவில்லை. செட்டுக்குக் கீழே இருந்த பேட்டரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்பக் கழட்டினா விசேஷம் பாதியில நின்னுருமே தம்பி" என்றேன். தட்டில் கேக்கை வைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளை கார் ஏறுகிறவரை உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் வந்து சொன்னார்: "செட்டு அண்ணன்கிட்டயே இருக்கட்டும் மதினி. பேட்டரியை மட்டும் குடுத்துருங்க."

அடுத்த மாதமே என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு எழுந்து வந்து என் முடிச்சுகளில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார். கொழுந்தனார் மட்டும் இன்றுவரை மலைக்கு வந்தால் பஸ்ஸில்தான் வருகிறார்.