அம்மா பார்த்த விரிசல்கள்

அம்மா இறந்து முப்பத்தாறு நாள் ஆகிறது. அவள் வேலையைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அம்மா உலோகச் சோதனைக்கூடத்தில் சாம்பிள் தயாரித்தாள். வார்ப்பிலிருந்து நகக்கண் அளவு துண்டு வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் முகம் தெரியும்வரை பாலிஷ் போடுவாள். அதை நுண்ணோக்கியில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பொறியாளரின் வேலை. அம்மா அவருக்கு முன்பே பார்த்துவிடுவாள். பார் என்று யாரும் சொன்னதில்லை. பார்க்காதே என்றும் சொன்னதில்லை.

நான் கல்லூரியில் உலோகவியல் கடைசி ஆண்டு படித்தபோது, எஞ்சின் பிளேடுகளுக்காக டைட்டானியமும் அலுமினியமும் கலந்த வார்ப்புகள் அங்கே வந்தன. எடை குறைவு. எழுநூறு டிகிரிச் சூட்டையும் தாங்கும். ஆறிய பிறகோ கண்ணாடிக்குத் தம்பி, சட்டென்று உடையும்.

பதினெட்டு சாம்பிள்களிலும் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன. அவசரமாக ஆறவைத்ததே காரணம் என்று பொறியாளர் எழுதிவிட்டார். பழி உலைக்காரர் தலையில் விழுந்தது. மூடிய உலைக்குள்ளேயேதான் ஆறவிட்டேன் அக்கா என்று அம்மாவிடம் வந்து புலம்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே அம்மா கேட்டாள்: "இந்த உலோகம் விரிசல் விடறதுக்கு முன்னாடி கொஞ்சமாச்சும் வளையுமா?"

ஒரு சதவீதம் நீண்டாலே அதிகம், அப்படியே உடையும் என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

"இல்லடீ. விரிசல் பக்கத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா இருக்கு."

இந்த உலோகத்தின் ஒவ்வொரு மணியும், அதாவது ஒவ்வொரு நுண்ணிய படிகமும், மெல்லிய தகடுகளை அடுக்கிய சீட்டுக்கட்டு. தகடுகளுக்கு இடையே விரிசல் சுலபமாக ஓடும். குறுக்கே போகத் திணறும். திணறும் இடத்தில், அழுத்தம் தாளாமல் படிகத்தின் சில பட்டைகள் தம் கண்ணாடிப் பிம்பம்போலப் புரண்டுகொள்ளும். அந்தக் கோடுகள் அவைதான். உடைவதற்கு முன் உலோகம் தன்னால் முடிந்தவரை இடம் கொடுத்திருக்கிறது.

இதைச் சொன்னதும் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அந்த மாதம் சாம்பிள்கள் குவிந்து கிடந்தனவாம். வெட்டும் எந்திரத்தின் கையில், துண்டைச் சக்கரத்தோடு அழுத்த எஃகுக்கு மாட்டும் கனமான எடையைக் கழற்றாமலே இதையும் வெட்டியிருக்கிறாள்.

ஆறும்போது சுருங்கினாலும் அதே கோடுகள் வரலாம் என்று வாதாடினேன். அவள் தப்பு செய்திருக்கக் கூடாது என்றிருந்தது எனக்கு.

"உள்ள வரைக்கும் போனா உலை. மேலாப்புல நின்னா நான்," என்றாள். "தேச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்."

மறுநாள் மூன்று சாம்பிள்களை எடுத்துக்கொண்டாள். எடை இல்லாமல், கையால் மெதுவாக, ஒரு தடவைக்கு இருபத்தைந்து மைக்ரான் தேய்ப்பது, அளப்பது, பாலிஷ், பார்ப்பது. நாலாவது தடவை விரிசல்கள் துண்டு துண்டாகின. ஆறாவது தடவை முகம் சுத்தமாக இருந்தது. மூன்றிலும் அப்படியே. "எங்க போய் நிக்குதுன்னு பாக்க ஆசையாத்தான்டீ இருந்துச்சு," என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் சொல்லிவிட்டாள். வெட்டும் சக்கரம் தேய்ந்திருந்தது என்று போட்டுவிடலாமே என்று பொறியாளர் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டாராம். சக்கரம் புதுசு என்றிருக்கிறாள். உலைக்காரர் வேலையில் நீடித்தார். அம்மாவை ஆறு மாதம் வெட்டும் எந்திரத்தின் பக்கம் விடவில்லை; லேபிள் எழுத உட்காரவைத்தார்கள்.

திருத்திய அறிக்கையின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். 'வெட்டியவரின் கவனக்குறைவு. சேதத்தின் ஆழம் நூறு மைக்ரான்.' முதல் வரியைப் படித்து எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மாவின் விரல் இரண்டாவது வரியில் நின்றது.

"நூத்தம்பதுன்னு அளந்து குடுத்தேன். குறைச்சுப் போட்டிருக்காரு பாரு."

திங்கட்கிழமை பொறியாளரின் அறை வாசலில் காத்திருந்து, எண்ணைத் திருத்தவைத்து, அதன் பக்கத்தில் அவரிடம் கையெழுத்தும் வாங்கிய பிறகே லேபிள் எழுதப் போனாள்.