நான் வைக்காத நேர்த்தி

பிள்ளையாரின் முன்னால் நின்றுகொண்டு, என்ன கேட்பதென்று தெரியாமல் விபூதியை மட்டும் பூசிக்கொண்டு திரும்பியவர்கள் உங்களில் யாரும் இருக்கிறீர்களோ தெரியவில்லை. நான் அப்படித் திரும்பியவன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு சிறுபோகம் முழுக்க, வெயில்கால நெல்லை விதைத்து வெட்டும்வரை அப்படித்தான். என் மகளுக்கு மருத்துவ பீடம் கிடைக்குமா கிடைக்காதா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளைப் பெற்ற நான் அவளுக்காக ஒரு வார்த்தை கேட்க வாய் வராமல் நின்றேன். அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சிப் பக்கத் தர்மபுரத்தில் நெல் செய்கிறவன். பெரிய பக்தன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. விதைக்க முதல் ஒரு தேங்காய், அரிவு வெட்டிய பிறகு ஒரு பொங்கல், அவ்வளவுதான் எனக்கும் பிள்ளையாருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல். மகள் தர்சிகா உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுத்த பிறகுதான் நான் வெள்ளிக்கிழமைகளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

பிள்ளை படிக்கிற வீட்டில் தகப்பனுக்குப் பெரிதாக வேலை இல்லை. விடிய எழும்பித் தேத்தண்ணீர் போட்டுக் கொடுப்பேன். கிளிநொச்சிக்கு ரியூசனுக்குப் போகிற நாட்களில் மோட்டார் சைக்கிளில் பஸ் எடுக்கும் இடம்வரை கொண்டுபோய் விடுவேன். வயலில் மருந்தடிக்கிற இயந்திரத்தைக்கூட வீட்டுக்குப் பக்கத்தில் சத்தம் போட விடமாட்டேன். அவள் படித்தவை ஒன்றும் எனக்கு விளங்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அன்றைக்குப் பாடம் ஓடியதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரன்.

என் வயலுக்கு அடுத்த வயல் ராசனுடையது. அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே வாய்க்கால், ஒரே பிள்ளையார். ராசனின் மகள் கம்சியும் என் மகளும் ஒரே வகுப்பு. கம்சி வாங்கிய மாதிரி வினாத்தாளை இவள் படியெடுப்பாள், இவள் எழுதிய குறிப்பை அவள் கொண்டுபோவாள். ஒருத்தி இல்லாமல் மற்றவள் பஸ் ஏறியதை நான் பார்த்ததில்லை.

பரீட்சை முடிவு வந்த அன்று இரண்டு வீட்டிலும் சந்தோசம். ஆனால் அது பின்னேரம்வரைதான் நின்றது. மருத்துவத்துக்கு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இவ்வளவு இடம் என்று இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்குக் கிடைப்பது கொஞ்சம். வசதியான ஊர்ப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகள் முட்டுப்படத் தேவையில்லை என்று அதை ஒரு பெரிய உதவியாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். உதவிதான். ஆனால் மாவட்டம் சிறியது என்றால், முட்டுப்படுகிற பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். மாவட்ட நிலையில் கம்சி முன்னுக்கு, தர்சிகா அடுத்தது. போன வருடத்தை வைத்துப் பார்த்தால் மருத்துவ இடங்கள் முடிகிற கோடு இந்த இரண்டு பேருக்கும் நடுவில் விழக்கூடும் என்று ரியூசன் மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தர்சிகா கதைப்பது குறைந்தது. சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவினால் கழுவிக்கொண்டே நிற்பாள். என் மனைவி சாந்திக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பெரிய பானையாக ஒரு பொங்கல் நேர்ந்துவிட்டு வரச்சொல்லி என்னைப் பிடித்துத் தள்ளினாள். நானும் தலை தோய்ந்து, வேட்டி கட்டி, மோட்டார் சைக்கிளை எடுத்தேன். தர்சிகா வாசல் படலையடிக்கு வந்தாள்.

“அப்பா, எனக்காண்டி நேரப் போறீங்கள் எண்டால் நேருங்கோ. கம்சிக்குக் கிடைக்கக்கூடாது எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ.”

அப்படிக் கேட்பேனா என்று சிரித்துவிட்டுப் போனேன். கோயிலில் நின்று கண்ணை மூடிய பிறகுதான் அவள் சொன்னது விளங்கியது. இவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டால், முன்னுக்கு நிற்கிற ஒரு பிள்ளை விலக வேண்டும் என்றுதானே அர்த்தம்? சரி, இரண்டு பேருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்போம் என்று பார்த்தேன். அப்படியானால் கம்சிக்கும் முன்னுக்கு நிற்கிற வேறொரு பிள்ளை போக வேண்டும். அந்தப் பிள்ளையின் தகப்பன் இந்த நேரம் எந்தக் கோயிலில் நிற்கிறானோ? சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் விடுவார்கள். என் வயலுக்குத் திறந்தால் ராசனின் வயலுக்கு மூட வேண்டும். என் முறை இல்லாத நேரம் எனக்குத் தண்ணீர் விடு என்று பிள்ளையாரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஐயர் அருச்சனைக்குப் பெயர் கேட்டார். மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நேரவில்லை என்று சொன்னபோது, அப்படியானால் ஏன் பெற்றோலை எரித்தீர்கள் என்று சாந்தி கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை தானே போனாள். வெகு நேரம் நின்றுவிட்டு வந்தாள். நேர்ந்தாயா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

பிறகு விண்ணப்பம் போடுகிற காலம் வந்தது. எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்று விருப்ப ஒழுங்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும். முதலாவதாகப் போட்டது கிடைத்தால் அதோடு முடிந்தது. அந்த ஒழுங்கில்தான் பிள்ளையின் தலைவிதி இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு பின்னேரம் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றேன். ராசன் மண்வெட்டியோடு வரம்பால் வந்தார். மருத்துவம் என்றால் நீண்ட படிப்பு, அதை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிட்ட இருக்கிற வேளாண்மை பீடத்தை முதலாவதாகப் போட்டால் கெதியாக வேலைக்கு வந்துவிடலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தகப்பன் சொல்வதைப் போடுகிறேன் என்று கம்சி சொல்லிவிட்டாளாம்.

“நமக்கு இது ஒண்டும் தெரியாதண்ணே. நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் போடச் சொல்லுவன்” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், என் நெஞ்சு துள்ளியது. நான் கேட்காமலே பிள்ளையார் வழியைத் திறந்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. ஓம், வேளாண்மை நல்லது என்று நான் தலையாட்டினால் போதும். அது பொய்யும் இல்லை. வேளாண்மை நல்ல படிப்புத்தான், நானே வயல் செய்கிறவன். கம்சியும் ஒன்றும் கெட்டுப்போக மாட்டாள். என் பிள்ளைக்கு இடம் வரும். எவ்வளவு நேர்த்தியான நியாயங்கள் வரிசையாக வந்து நின்றன தெரியுமா? அத்தனையும் எனக்குச் சாதகமாக இருந்ததைக் கண்டுதான் பயம் வந்தது. நாளைக்குக் காலமை சொல்கிறேன் ராசன் என்று அவரை அனுப்பிவிட்டு, காலில் சேற்றோடு அப்படியே கோயிலுக்குப் போனேன்.

நடை சாத்தவில்லை. அன்றைக்குத்தான் முதன்முறையாக எனக்கு வாய் வந்தது. பிள்ளையாரே, மருத்துவம் உன் பாடு. நாளைக்குக் காலமை நான் ராசனுக்குச் சொல்லப்போகிற வார்த்தையை மட்டும் நீ நேராக வை என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மனம் லேசாகவும் இல்லை. பாரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் துள்ளல் போய்விட்டது.

காலமை ராசன் வரும்வரை காத்திராமல் நானே அவர் வீட்டுப் படலைக்குப் போனேன். கம்சி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். உனக்கு என்ன படிக்க விருப்பம் பிள்ளை என்று தகப்பனுக்கு முன்னால் கேட்டேன். அவள் தகப்பனைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு மருத்துவம் என்றாள்.

“அப்ப அதைத்தான் முதலாவதாப் போட வேணும், ராசன். கெதியா உழைக்க வேணும் எண்டு பிள்ளையின்ரை விருப்பத்தைப் பின்னுக்குப் போடாதேயும். புலமைப்பரிசில் இருக்கு, சமாளிக்கலாம்.”

ராசன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோடு எங்கே விழும் என்பது அவருக்கும் தெரியும் என்பதை அந்தப் பார்வையில்தான் கண்டேன்.

“உங்க பிள்ளைக்கு அண்ணே?”

“அவளைப் பிள்ளையார் பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லத்தான் சொன்னேன், கால் வீட்டுப் பக்கம் போகவில்லை. வயலுக்குப் போய் வேலையில்லாமல் வரம்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பிள்ளைகளும் சந்தியில் கணினி வைத்திருக்கிற கொமினிகேசன் கடையில் ஒரு கதிரையில் ஆளுக்குப் பாதியாக இருந்து விண்ணப்பத்தை நிரப்பினார்கள். இரண்டு விண்ணப்பத்திலும் முதல் வரி ஒன்றுதான்.

சிறுபோகம் வெட்டி நெல்லும் காய்ந்த பிறகு வெட்டுப்புள்ளி வந்தது. மாஸ்டர் சொன்னபடி கோடு நடுவில் விழுந்தது. கம்சிக்கு மருத்துவம். தர்சிகாவுக்குத் தூர ஊரொன்றில் வேறொரு படிப்பு. அவள் அழவில்லை. கம்சியின் வீட்டுக்குப் போய் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தாள். சில வாரம் கழித்து, அலுமாரிக்கு மேலிருந்த நீலப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். அது இவள் கம்பஸ் போகும்போது கொண்டுபோகட்டும் என்று என் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. கம்சியிடம் பெரிய பெட்டி இல்லை, அவள்தான் முதலில் போகிறாள் என்று சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அந்தப் பெட்டி எங்கள் படலையைத் தாண்டிப் போனதைப் பார்த்தபோதுதான் நான் உடைந்தேன். கிணற்றடியில் போய் நின்று அழுதேன். நேராகச் சொன்னதற்கு இதுதானா கூலி என்று பிள்ளையாரோடு கோபித்துக்கொண்டேன். பிறகு பல வெள்ளிக்கிழமைகள் எனக்கும் அவருக்கும் கதை இல்லை.

மாரி மழையோடு செய்கிற காலபோகத்துக்கு விதைக்க வேண்டும். கோபம் என்றாலும் தேங்காய் உடைக்காமல் விதைக்க மனம் வராது. வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். உடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கம்சி தூர இடத்தில் பயப்படாமல் படிக்க வேண்டும் என்று என் வாய் தானாகச் சொன்னது. பிறகு, என் பிள்ளைக்குக் கிடைத்த படிப்பில் அவளுக்கு மனம் பற்ற வேண்டும் என்று சொன்னது. மறைத்து வைத்து ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நாளாக நான் தேடிய வாய் அன்றைக்குத்தான் முழுதாகக் கிடைத்தது.

மாரி மழை விட்டிருந்த ஒரு காலமை பசளை எறிந்துகொண்டு நின்றேன். சாந்தி செருப்பும் இல்லாமல் வரம்பால் ஓடி வந்தாள். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கம்சி தன் பீடத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் மாவட்டத்தில் மருத்துவத்துக்கு எடுபட்ட ஒரு பிள்ளை பெற்றோரோடு வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டதாம். வெற்றிடம் நிரப்புகிறார்கள், தர்சிகாவின் பெயர் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னாளாம். பார்த்தார்கள். வந்திருந்தது. நான் வீட்டுக்கு ஓடி வந்தபோது தர்சிகா குசினிக்குள் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். கோடு விழுந்த நாளில் அழாத அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது. பக்கத்தில் இருந்து நானும் அழுதேன். யாரையும் தள்ளிவிடாமல், சந்தோசமாக எழும்பிப் போன ஒரு பிள்ளையின் கதிரையில் என் மகளுக்கு இடம் கிடைத்தது. நானாகக் கேட்டிருந்தால் இப்படிக் கேட்க எனக்குத் தெரிந்திருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை தேங்காயோடு கோயிலுக்குப் போனோம். போகிற வழியில் சாந்தி, நாங்கள் ஒரு நேர்த்தியும் வைக்கவில்லையே, எதை நிறைவேற்றுவது என்று கேட்டாள். அன்றைக்கு அவளும் நேராமல்தான் திரும்பினாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் கேட்டது எனக்கும் உறைத்தது. நேர்த்தி வைத்தவர்தானே அதைச் செய்ய வேண்டும். வைக்காத நேர்த்திக்குப் பொங்குவது எப்படி?

வாசலில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய பானை. ராசன் தோய்ந்த ஈரத்தோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பானைக்குள் அரிசி போட்டுக்கொண்டு நின்றார். கம்சிக்குக் கிடைத்ததற்கு இப்போதுதான் பொங்குகிறார்கள் போலும் என்று நினைத்து, பிந்திவிட்டதே என்று பகிடியாகக் கேட்டேன். ராசன் எழும்பி நின்று கையைத் துடைத்தார்.

“கம்சிக்கு நான் நேரவே இல்லையண்ணே. அண்டைக்கு நீங்க வந்து சொல்லிட்டுப் போனீங்கல்ல, நீங்க போன கையோட இங்கதான் வந்தன். இது உங்க பிள்ளைக்கு வச்சது.”

சாந்தி அப்படியே அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் வைத்தேன்.

அன்றிலிருந்து நான் கும்பிடுகிற விதம் மாறிவிட்டது. தர்சிகா இப்போது மருத்துவ பீடத்தில் படிக்கிறாள், போகும்போது அவளுக்குப் புதிதாக ஒரு பெட்டி வாங்கவேண்டி வந்தது. வெளிநாடு போன அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது, ஆனாலும் அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் கொளுத்துகிறேன். பிள்ளைகளின் பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் இடையில் நித்திரையில்லாமல் இருக்கிற பெற்றோரே, உங்கள் பிள்ளைக்குக் கேட்க வாய் வராவிட்டால் பயப்படாதீர்கள். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்டுப் பாருங்கள், உங்கள் பிள்ளைக்கு வேறு யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, இந்த முறையும் ஒரு பிள்ளை உயர்தரம் எழுதுகிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு பானை நேர்ந்திருக்கிறேன். அந்தத் தகப்பனுக்கு இன்னும் தெரியாது.