எதிரணி மேல் பிரியாணி கட்டிய கேப்டன்

அமெரிக்காவில், எங்கள் ஊரான ஃபிரிஸ்கோவில் சனிக்கிழமை கிரிக்கெட்டுக்கு அம்பயராக நிற்பது சம்பளமில்லாமல் திட்டு வாங்கும் உத்தியோகம். நின்று பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

எல்லாரும் பார்க்கலாம்

எங்கள் லீகில் மேட்ச்சுக்கு மேட்ச் பந்தயம் உண்டு. தோற்றவர் அடுத்த வாரம் ஒரு முழு ட்ரே பிரியாணி கொண்டுவர வேண்டும். பார்வையாளர்கள் மட்டும்தான் கட்டலாம், ஆடுகிறவர்கள் கட்டக் கூடாது என்று விதி. நம்ம ஆட்கள் ஐடிக்காரர்கள் இல்லையா, திருட்டுத்தனத்தையும் ஷீட் போட்டுத்தான் செய்வார்கள். கேப்டன் கார்த்திக் லீக் குரூப்பில் மேட்ச் அட்டவணையை ஷேர் பண்ணினான். திறந்தால் அதே ஷீட்டின் அடுத்த பக்கத்தில் பந்தயப் பட்டியல். போன வார மேட்ச்சுக்கு நேரே அவன் பெயர். தன் டீம் தோற்கும் என்று மட்டன் பிரியாணி கட்டியிருக்கிறான், மகராசன்! தோற்கவும் தோற்றார்கள். கூப்பிட்டுக் கேட்டேன்.

“அங்கிள், அது ரிஸ்க் மேனேஜ்மென்ட். தோத்தா மனசு கஷ்டப்படும்ல, பிரியாணியாவது மிஞ்சட்டுமேன்னுதான்.”

அந்த கேட்ச்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம், அதே மேட்ச்சில் கார்த்திக் ஒரு கேட்ச் விட்டிருந்தான். பந்து நேராக அவன் கைக்கு வந்தது. வேண்டுமென்றே விட்டானா, நிஜமாகவே நழுவியதா, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்பது டிகிரி வெயிலில் நான்கு ஓவர் போட்ட பௌலர் முருகனுக்கு அது ஐந்தாவது விக்கெட்டாக இருந்திருக்கும். பாவம், ஷீட்டைப் பார்த்ததும் எனக்கு போன் பண்ணினான்.

“சார், கல்யாணத்துல அட்சதைகூட இதைவிட வேகமா வந்து விழும் சார். அதைப் போய் விட்டுட்டான்!”

கமிட்டி கூடியது

ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி ஜூமில் கூடியது. மூன்று பேர், நான்தான் மூன்றாவது. முதல் இருபது நிமிடம் “நீங்க ம்யூட்ல இருக்கீங்க” என்பதிலேயே போனது. அப்புறம் ரமேஷ் ஒரு சந்தேகம் கிளப்பினார்: தன் டீம் ஜெயிக்கும் என்று கட்டினால் தப்பில்லையே, அது நம்பிக்கைதானே? சரிதான், அப்படியானால் நம்பிக்கையாளர் ஒரு வாரம் கட்டாமல் விட்டால், அன்றைக்கு என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்றேன். கமிட்டித் தலைவர் சுந்தரம் அதை ஒப்புக்கொண்டார். சீசன் முழுக்க கார்த்திக்குத் தடை என்று முடிவானது. அரை இறுதியும் அதில் அடக்கம்.

“ஆபீஸ்ல இதைப் பண்ணியிருந்தா செக்யூரிட்டி வந்து வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயிருப்பான்” என்றார் சுந்தரம்.

மேல்முறையீடு

மறுநாளே போன். கார்த்திக் இல்லை, அவன் மனைவி வித்யா. தடைச் செய்தி வந்ததிலிருந்து அவன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறானாம். கரேஜை அடுக்குகிறேன் என்று இறங்கி, காரை உள்ளே விட முடியாதபடி பண்ணிவிட்டானாம்.

“அங்கிள், தப்பு பண்ணது அவரு. சனிக்கிழமை பூரா வீட்ல வச்சு மேய்க்கிற தண்டனை மட்டும் எனக்கா?”

திருத்திய தீர்ப்பு

நியாயமான கேள்வி. கமிட்டி மறுபடி கூடியது. ஆடத் தடை அப்படியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கார்த்திக் மைதானத்துக்கு வந்து, மூன்று மேட்ச்சுக்கும் அம்பயராக நிற்க வேண்டும். அதைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. “அங்கிள், ப்ளீஸ், வீட்லயே இருந்துக்கறேன்” என்று கெஞ்சினான். முருகனுக்கு மட்டும் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. சுந்தரம் அசையவில்லை.

“இதைவிடக் கொடுமையா வேற எதுவும் எங்களுக்குத் தோணலை தம்பி.”

ஒரு கரண்டி பிரியாணிகூடப் பந்தயம் கட்டாமல், அதே தண்டனையை நான் ஒன்பது வருஷமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.