ஆடிக்காற்றுக்கு வாசல் வைத்த வேலி

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம். ஊரே ஆடித்தபசுத் திருவிழா பார்க்கச் சங்கரன்கோவிலுக்குப் போகும். நான் போனது காற்று பார்க்க. அப்போது பொறியியல் மேற்படிப்பு மாணவன். கெட்டிச் சுவரைவிட, சந்து விட்டுக் கட்டிய வேலிதான் காற்றை நன்றாக அடக்கும் என்று ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் காற்றுக்குப் பதில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்திருந்தேன். வயலில் பார்க்க வேண்டாமா?

திருநெல்வேலியில் காலை 6.10-க்குப் பஸ். 55 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், ஐந்தரை ரூபாய். (இப்போது அதற்கு டீகூடக் கிடைக்காது.) சங்கரன்கோவிலில் இறங்கி, இன்னொரு பஸ்ஸில் பத்து கிலோமீட்டர் வடக்கே கரிவலம்வந்தநல்லூர். பிறகு இரண்டு கிலோமீட்டர் நடை. மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது.

நண்பன் சொல்லிவிட்டிருந்த சங்கரபாண்டி அண்ணாச்சி கிணற்றடியில் காத்திருந்தார். அவருக்கும் அவர் மனைவி கோமதி மதினிக்கும் மிளகாய்தான் பிழைப்பு. காற்றுக்கு மறைப்பாகத் தென்னங்கிடுகை நெருக்கிக் கட்டிய அடைப்பு இரண்டு தடவை மிளகாய் நாற்றின் மேலேயே சாய்ந்து, எல்லாம் போச்சு. மூன்றாவதாக முளைத்திருந்தது மதினி எடுத்துவைத்த கடைசி விதை. இதுவும் போனால் இந்த வருஷம் நடவே கிடையாது.

மிச்சமிருந்த கிடுகு அடைப்புக்குப் பின்னால் ஒரு பிடி உமியைத் தூவினேன். அது சுழன்று, அடைப்பை நோக்கியே திரும்பி வந்தது. "காற்று மேலே தாவிப் பின்னால் குதிக்கிறது அண்ணாச்சி. பாதி மட்டை, பாதி சந்து என்று கட்டுவோம். கொஞ்சம் ஊடே போனால் இந்தச் சுழல் வராது, வேலியிலும் அவ்வளவு பாரம் ஏறாது" என்றேன்.

"கேட்டியாட்டி, காத்துக்கு வாசல் வைக்கணுமாம்!" என்று மதினியிடம் சொல்லிச் சிரித்தாலும், பொழுது சாய்வதற்குள் அண்ணாச்சி பனைமட்டையில் கட்டி முடித்துவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் போனால், சந்து முழுக்கப் பழைய சாக்கு!

"ஓட்டையும் ஒடசலுமா வேலி நின்னா ஊரு சிரிக்காதா தம்பி? நாந்தான் அடைச்சேன்" என்றார் மதினி, பெருமையாக.

நான் வாயைத் திறப்பதற்குள் காற்று வந்துவிட்டது. வேலி முனகிக்கொண்டு நாற்றுப் பக்கம் சாய்ந்தது. அண்ணாச்சி முட்டுக்கொடுத்துக்கொண்டே கத்தினார்: "ஏட்டி, சாக்க உருவு! உருவுட்டி!"

மதினியும் நானும் பாய்ந்து பாய்ந்து உருவினோம். சாக்கு கழலக் கழல அண்ணாச்சியின் தோளில் பாரம் குறைந்தது. கடைசிச் சாக்கு போனதும் அவர் கையை எடுத்துவிட்டார். வேலி நின்றது! காற்று அதற்குள் சீட்டியடித்துக்கொண்டு போயிற்று. நாற்று லேசாகத் தலையாட்டியதோடு சரி. என் கைக் காற்றுமானியில் பின்பக்க வேகம் பாதிக்கும் கீழே. சந்தோஷத்தில் வரப்பென்றும் பாராமல் குதித்துச் சேற்றில் விழுந்தேன்.

"ஒத்த நாத்துகூடப் போகல தம்பி!" என்று மதினி அழுதுகொண்டே சிரித்தார்.

காற்றைக் காண வேண்டுமானால் ஆடியில் போங்கள். தபசு நாளில் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது, அதைத் தவிருங்கள். தலைக்குத் துண்டு அவசியம். வேலி கட்டுகிறவர்கள் காற்றை நிறுத்தப் பார்க்காதீர்கள். அதன் வேகத்தைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள். என் ஆய்வறிக்கையில் இதையே நாற்பது பக்கத்துக்கு எழுதினேன். கரிவலத்தில் ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை. வேலி நின்றதற்கு மறுநாள் காலை நான் பஸ்ஸுக்கு நடக்கையில், பக்கத்து வயல்களில் நாலு பேர் அரிவாளும் கையுமாகத் தங்கள் அடைப்பில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.