அசையாத நீலப் புள்ளி

அத்தானுடைய போனோடு நான் மல்லுக்கட்டிய அந்த வாரத்தில், யாரைக் கண்டாலும் எனக்கு எரிச்சல் வந்தது.

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்டத்தான் என்னுடைய போன் திருத்தும் கடை. அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து படகில் கடலுக்குப் போகிறவர். போன மாரியில் கடல் குழம்பி அவர் திரும்பிவரப் பிந்திய நாளில், அக்கா கரையில் நின்று பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இருக்கும் இடத்தைக் காட்டுகிற செயலி ஒன்றை அவருடைய போனில் போட்டுக் கொடுத்தேன். அவர் எங்கே நிற்கிறார் என்பது அக்காவின் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும். கொஞ்ச நாள் ஒழுங்காய் வேலை செய்தது. பிறகு, படகு கரையை விட்டுச் சற்றுத் தூரம் போனதும் புள்ளி அப்படியே நின்றுவிடத் தொடங்கியது.

நின்ற புள்ளியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க அக்காவால் ஏலாது. பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவாள். இருப்பாள், எழும்புவாள், வாசலுக்குப் போவாள், திரும்பி வந்து போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டுவாள்.

“அசையுதில்லையடி. படகு கவிழ்ந்தாலும் இப்பிடித்தானே காட்டும்?”

“வாயைக் கழுவு அக்கா! செயலியை நிப்பாட்டுறது போன்தான், கடலில்லை.”

நான் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். இந்த மலிவுப் போன்கள் பற்றரியைச் சேமிக்கிறோம் என்று, திரைக்குப் பின்னால் ஓடுகிற எதையும் விட்டுவைக்காது. திரை அணைந்தால் போதும், கழுத்தைத் திருகிவிடும். பின்னேரம் அத்தானிடம் போனை வாங்கி, அந்தச் செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்தேன். போன் எழும்பும்போதே அதுவும் எழும்ப அனுமதி கொடுத்தேன். தேவையில்லாத விளையாட்டுகளை அழித்தேன். மறுநாளும் புள்ளி நின்றது. அக்காவும் வந்தாள். எனக்கு வேறு வேலை ஓடவில்லை. திருத்தக் கொடுத்த ஒருவரின் நல்ல திரையை நானே உடைத்துவிட்டேன். சீ, என்ன பிழைப்பு இது என்றிருந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம் அத்தானையும் கடைக்கு வரச்சொல்லி, போனை வயரில் கொம்பியூட்டரோடு கொழுவினேன். ஒவ்வொரு செயலியும் எதனால் நின்றது என்று போன் தனக்குள் பதிந்து வைத்திருக்கும். நினைவகம் போதாமல் நின்றதா, தானாக முறிந்ததா, எல்லாம் தெரியும். அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேடியது எதுவும் அங்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம்: பாவிப்பவர், அதாவது போனை வைத்திருப்பவரே, நிறுத்தியது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“அத்தான், நீங்களோ இதை நிப்பாட்டுறனீங்கள்?”

அவர் வாசலில் நின்ற ஓட்டோக்களைப் பார்த்தபடி, “ஓம்” என்றார்.

“இஞ்சை நான் நாய்படாப் பாடு படுறன். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“நீ பாசத்திலை போட்டுத் தந்ததை வேண்டாமெண்டு என்னெண்டு சொல்லுறது? கடலுக்குப் போறவனை ஆராவது எங்கை போறாய் எண்டு கேக்கிறவையோ? கேட்டால், நான் திரும்பி வந்து தண்ணி குடிச்சு, கொஞ்சம் இருந்திட்டுத்தான் போறனான். இது மடிக்குள்ளை இருந்துகொண்டு எங்கை, எங்கை எண்டு கேட்டுக்கொண்டே வருது. நெஞ்சு பக்கெண்டுது பிள்ளை. எனக்கு ஏலாது.”

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அக்கா ஒரு தடவைகூட அவரை அப்படிக் கேட்டதில்லை. செயலியைப் போடும்போது எனக்கு இது மண்டையில் ஏறவேயில்லை.

அக்கா கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

“நான் எங்கை எண்டு கேக்கேல்லையே. இருக்கிறியளோ எண்டுதான் கேட்டனான்.”

நான் செயலியை அழித்துப் போனை அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த நாள் அக்கா பழையபடி கடைக்கு வந்துவிட்டாள். இப்போது பார்க்கப் புள்ளியும் இல்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். “ஒரு இடத்திலை இரு, எனக்குத் தலை சுத்துது” என்று ஏசினேன். ஆனால் நானும் ஒரே திருகாணியைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். ஏன் அதை அழித்தேன் என்று என் மீதே கோபம் வந்தது.

வெயில் நன்றாக ஏறிய பிறகு அவளுடைய போன் அடித்தது. அத்தானுடைய இலக்கம். அவள் பதறி எடுப்பதற்குள், ஒரே மணியோடு நின்றுவிட்டது. மிஸ்ட்கோல்.

“திருப்பி எடு அக்கா!”

“வேண்டாம்” என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“எங்கை நிக்கிறாராம்?” என்று என் வாய் தன்பாட்டுக்குக் கேட்டுவிட்டது.

“மூடடி வாயை” என்றாள் அக்கா. “இருக்கிறார்.”