லொகு ஐயா வாய் மூடிய நாள்

முனாப் சப்பாத்துக் கடை வைத்திருந்தார். கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஏறும் வீதியில் ஒரு சிறிய சந்தி அது. சப்பாத்து விற்கிறவர் காலைத்தான் பார்ப்பார் என்று நினைப்பீர்கள். இவர் ஆளைப் பார்ப்பார். விலையைக் கேட்டதும் தலையாட்டிச் சிரிக்கிறவர் வாங்கப்போவதில்லை; புரட்டிப் புரட்டிப் பார்த்து, தையல் சரியில்லை, அடி கனம் என்று குறை சொல்கிறவர் வாங்காமல் போகமாட்டார். இது அவருடைய கணக்கு. பெரும்பாலும் பிசகாது.

இந்தப் பழக்கம் யுத்த காலத்தில் வந்தது. சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகும்போது சோதனைச்சாவடிதோறும் பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள். பேச்சில் தமிழ் இருந்தால் போதும், தமிழனா முஸ்லிமா என்று பிரித்துப் பார்க்கிற பொறுமை துவக்குப் பிடித்த கைக்கு இருக்காது. சத்தம் போட்டு அதட்டுகிற சிப்பாய் சீக்கிரம் விட்டுவிடுவான் என்பதை முனாப் அங்கேதான் கண்டுபிடித்தார். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறானே, அவனிடந்தான் பயம்.

யுத்தம் முடிந்தது. அந்த வித்தைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பிறகு கையில் நல்ல போன் ஒன்று வந்தது, போனுக்குள் போக்கர் வந்தது.

ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மேசை நடுவில் பொதுவாகச் சில சீட்டு. கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், இருக்கிறது என்று மற்றவரை நம்பவைத்துவிட்டால் வெற்றிதான். காசு கிடையாது, விளையாட்டே இனாமாகத் தருகிற சில்லுகள். காசில்லாத சீட்டு சூதாகாது என்று முனாப் தனக்குத்தானே தீர்ப்பு வழங்கிக்கொண்டார். மௌலவியிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

எதிராளியின் முகம் தெரியாது, கை நடுங்குவது தெரியாது. ஆனாலும் முனாப் படித்தார். யோசிக்கத் தருகிற நேரத்தில் எவ்வளவை எடுக்கிறார்கள், எப்போது கூட்டிக் கட்டுகிறார்கள், தோற்றதும் ஆத்திரத்தில் அள்ளிக் கொட்டுகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். மதிய லுஹர் தொழுகை முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் மேசையில் போய் உட்கார்ந்தாரென்றால், மனைவி சகீனா சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்து இரண்டு தரம் கூப்பிட வேண்டும்.

சொந்தப் பெயரில் உட்கார்ந்த முதல் வாரமே மேசையில் தூஷணம் வந்து விழுந்தது. முஸ்லிம் பெயரைக் கண்டால் நாக்கு அரிக்கிற காலம். முனாப் சண்டைக்குப் போகவில்லை. பெயரை நுவன் என்று சிங்களப் பெயராக மாற்றிக்கொண்டார், மகாவலி ஆற்றின் படமொன்றைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் நுவன் மல்லி, நுவன் தம்பி.

அந்த மேசைக்கு நாள் தவறாமல் வருகிற ஒருவர் தமக்கு லொகு ஐயா என்று பெயர் வைத்திருந்தார். சிங்களத்தில் பெரியண்ணன் என்று அர்த்தம். ஊர் பெயர் சொன்னதில்லை, ஆனால் மழை பெய்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் பெய்தது. பக்கத்து ஆள்தான். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் லொகு ஐயா வாய் கிழியப் பேசுவார். இப்போது பாருங்கள், உங்களையெல்லாம் துடைத்துவிடுகிறேன் என்று எழுதுவார். நல்ல சீட்டு வந்துவிட்டால் ஊமையாகிவிடுவார். இதைப் பிடித்துக்கொண்டே முனாப் அவரை எத்தனையோ தரம் வென்றார். அந்த மனிதருக்கு நுவனில் ஒரு பிரியமும் இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினெட்டு மார்ச் மாதம். எங்கோ ஒரு சண்டை, அதில் ஒரு சிங்களவரின் சாவு, பிறகு வீதி முழுக்க வதந்தி. முஸ்லிம் கடைகளை உடைக்கப்போகிறார்கள் என்று ஆளுக்காள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மேசையில் லொகு ஐயாவும் அதையே எழுதினார். பாலத்திலிருந்து சந்திவரை ஒரு கடை மிஞ்சாது, நாளைக்கு விடிந்ததும் பாருங்கள் என்று வரிக்கு வரி முழங்கினார். முனாப் முதலில் பயந்துபோனார். ஆனால் முழக்கத்தைப் பார்த்ததும் ஆறுதலும் வந்தது. இவ்வளவு பேசுகிறவர் கையில் ஒன்றுமில்லை. பயப்படாதே, வெறும் வாய்ச்சவடால் என்று சகீனாவுக்குச் சொன்னார். திங்கட்கிழமை விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

அன்று மதியம் லொகு ஐயா மறுபடி மேசைக்கு வந்தார். வணக்கமில்லை, நக்கலில்லை. சீட்டு வரவர, பார்த்தாரோ இல்லையோ, உடனே கீழே போட்டார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒரு ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்காதவர். முனாப் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஐயா இன்று ஏன் பேச்சைக் காணோம் என்று நுவனாக எழுதிக் கேட்டார்.

பதில் வரவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாக அந்தப் பக்கத்தில் புள்ளிகள் துடித்தன. வெகுநேரம் கழித்து ஒரே வரி வந்தது: மல்லி, பின்னேரம் வீதியில் நிற்காதே, வீட்டுக்குப் போய்விடு. அடுத்த ஆட்டத்தில் லொகு ஐயா ஒரு பொத்தானையும் அமுக்கவில்லை. யாரும் கூட்டிக் கட்டாத ஆட்டம், நேரம் முடிய விளையாட்டே அவருடைய சீட்டைத் திறந்து காட்டியது. இரண்டும் ஆசு. அதைவிட நல்ல கை கிடையாது. அதைப் போட்டுவிட்டு மனிதர் எழுந்து போயிருந்தார்.

லொகு ஐயா வாய் மூடினால் கையில் உண்டு என்று முனாபுக்குத் தெரியும். இனி யாரும் சொல்லத் தேவையில்லை.

வீதிக்கு அந்தப் பக்கம் அவருடைய நானா, அதாவது மூத்த சகோதரர் ஹலீமின் புடவைக் கடை. மேல்மாடியில் வீடு. ஹலீம் பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெரிய ஆள். சொன்ன சொல்லிலிருந்து இறங்காதவர். வாலிபர்கள் கெரம் விளையாடுகிற அறையில் சீட்டுக்கட்டு ஒன்று அகப்பட்டதற்காகப் போன வருடம் அந்த அறைக்கே பூட்டுப் போட்டவர். அந்தக் கூட்டத்தில் சரிதான் சரிதான் என்று பலமாகத் தலையாட்டியவர்களில் முனாபும் ஒருவர்.

கடையை அப்படியே விட்டு முனாப் வீதியைக் கடந்து ஓடினார். ஹலீமைச் சுற்றி பிளாஸ்டிக் கதிரைகளில் நிர்வாகத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கடையைப் பூட்டினால் பயந்துவிட்டோம் என்றாகிவிடும், யாரும் பூட்டக்கூடாது என்று அப்போதுதான் ஹலீம் பேசி முடித்திருந்தார். முனாப் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார்: இன்று பின்னேரமே வருகிறார்கள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவோம்.

"யாரு சொன்ன ஒனக்கு?"

கடைக்கு வந்த ஒரு சிங்கள மாத்தையா என்றார் முனாப். எந்த மாத்தையா, பெயரென்ன, எங்கே வேலை என்று ஹலீம் தோண்டினார். முனாப் மென்று விழுங்கினார். கதிரைகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹலீம் தமக்குத் தெரிந்த பெரிய இடமொன்றுக்கு போன் போட்டார். ஒன்றும் நடக்காது, பயப்பட வேண்டாம் என்று அங்கே சொன்னார்கள். எல்லாருடைய முகமும் தெளிந்தது. முனாப் வீதியைத் திரும்பிப் பார்த்தார். எதிர்ச்சாரியில் தேத்தண்ணிக் கடைக்காரர் வேளைக்கே பலகை போட்டுக் கடையை மூடிக்கொண்டிருந்தார். இனி மானம் பார்த்து ஆகாது என்று அவருக்குப் பட்டது.

"நானா, நான் போன்ல சீட்டு வெளயாடுற. சிங்களப் பேர்ல. அங்க ஈக்கிற ஒரு ஆள்தான் சொன்ன. அந்தாள்ட போக்கு எனக்குத் தெரியும் நானா, இது பொய்யில்ல."

ஹலீமின் முகம் கறுத்தது. நிர்வாகத்து ஆள் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். வீடெரியப் போகிறது என்று சொல்ல வந்த மனிதரை, சீட்டுப் பிடித்த கையோடு அகப்பட்டவராகவே எல்லாரும் பார்த்தார்கள்.

"சூதாடிட பேச்சக் கேட்டு நான் எழும்ப ஏலா. பொம்புளைகள வேணுமெண்டா கூட்டிட்டுப் போ."

ஹலீம் அதோடு முடித்துவிட்டார். முனாப் மேலே ஏறி ஹலீமின் மனைவி பாயிஸாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார். சகீனாவோடு எல்லாரையும் தமது சரக்கு வேனில் அடைத்து மடுல்கெல்லப் பக்கம் விரைந்தார். அங்கே தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்ந்த ரத்தினம்மா இருந்தார், சகீனாவுக்கு நெடுநாள் பழக்கம். அவர் எதையும் கேட்காமல் கதவைத் திறந்து, உள்ள வாங்கம்மா என்று பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டார். முனாப் உடனே திரும்பினார். ஆனால் பாதி வழியில் பொலிஸ் வீதியை மறித்திருந்தது. ஊரடங்குச் சட்டம் என்றார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. கெஞ்சிப் பார்த்தார், அழுதும் பார்த்தார். விடவில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னரே கூட்டம் வந்துவிட்டிருந்தது. கதிரைகளில் இருந்தவர்கள் பின்வழியாகப் போய்த் தப்பினார்கள். ஹலீம் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு மேல்மாடி வீட்டில் இருந்துவிட்டார். கீழே புடவையில் பற்றிய நெருப்பின் புகை மேலே ஏறியது. பின்வீட்டுச் சிங்களவர் இருவர் ஜன்னல் கம்பியை வளைத்து அவரை இழுத்தெடுத்தார்கள். தங்கள் வீட்டுக் கட்டிலில் கிடத்தி, நிலைமை தணிந்ததும் பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

முனாப் போய்ப் பார்த்தபோது ஹலீமுக்கு மூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் போன புகை போகவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். முனாப் கட்டிலருகே நின்றார். நானா தூற்றட்டும், காறித் துப்பட்டும், சீட்டாடிய கை என்று உதறட்டும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தார். ஹலீம் மூக்கிலிருந்த குழாயை விலக்கிவிட்டு, இளைத்து இளைத்துப் பேசினார்.

"நீ சொன்னது நெசமெண்டு எனக்கு அப்பவே வெளங்கின. பொய்க்கு ஒரு மனுசன் அப்பிடி மானத்தக் கெடுத்துக்கொள்ள மாட்டான். என்னைய உள்ளுக்கு கூப்பிட்டு, தனியாச் சொல்லி இருந்தா வந்திருப்பேன்டா தம்பி. அத்தன பேருக்கு முன்னால, நான் எப்பிடி எழும்புற?"

முனாப் அந்த முகத்தையே பார்த்தார். நாற்பது வருடமாகத் தினம் பார்க்கிற முகம் அது; அன்று அதை மட்டும் படிக்கவில்லை. தாதி வந்து குழாயை மறுபடி வைத்துவிட்டு, நோயாளியைப் பேசவைக்க வேண்டாம் என்று அவரை வெளியே அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹலீமை அடக்கம் செய்தார்கள்.